காக்கா தலைக்குள்ளே இருந்த அங்கிள்

சனிக்கிழமை காலை, கிள்ளானிலிருந்து போகும் கொமுட்டர் ரயிலில் ஒரு காக்காத் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஐம்பது தாண்டிய ஆளுக்குக் கௌரவமான காட்சி இல்லை. பஞ்சு அடைத்த தலை, நிஜக் காக்காவுக்கு இல்லாத மஞ்சள் அலகு. எதிர்சீட்டு மலாய்க் குழந்தை கையாட்டியது. எனக்கல்ல, தலைக்கு. வெளியே மழை. தொழிற்சாலைக் கூரைகளும் பெட்டாலிங் ஜெயாவின் வரிசை வீடுகளும் கரைந்து கரைந்து போயின. பாதித் தூக்கத்தில், யார் யாரை மடியில் வைத்திருக்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோனது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாலர் பள்ளி. அங்குள்ள டீச்சர் தன் டேப்லட்டில் ஒரு காக்காவை வரைந்து, அதை வைத்துக் குட்டிக் குட்டி கார்ட்டூன் படங்கள் செய்வார். குப்பையை லோங்காங் வடிகாலில் போடாதே, வரிசையில் முந்தாதே, புதிதாக வந்த பிள்ளையையும் விளையாட்டில் சேர்த்துக்கொள். காக்காவுக்குக் குரல் நான். வார இறுதிகளில் கல்யாண டின்னர்களில் மைக் பிடித்து ஜோக் சொல்வது என் தொழில் என்பதால் குரலுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் காக்கா மாமாவை நேரில் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்ததால், உடுப்பும் தைத்துவிட்டார்கள்.

அன்றைய பாடம் நிறம். படத்தில் கொக்கும் புறாவும் மைனாவும் போட்டோவுக்கு நிற்கின்றன, காக்காவைத் தள்ளிவிடுகின்றன. "கலர்ல என்ன இருக்கு?" என்று காக்கா என் குரலில் தழுதழுத்தபடி கேட்கிறது. படம் முடிந்ததும் நான் சிறகை விரித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராக என்னோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தலைக்குள் இருப்பவனுக்கு அலகிலுள்ள வலைத்துணிதான் ஜன்னல். அதன் வழியே பார்த்தால் காலை பத்து மணியும் அந்தி மாதிரி இருக்கும். பிள்ளைகளின் கூச்சல் தண்ணீருக்கடியில் கேட்பது போல வரும். என் மூச்சு எனக்கே கடல் சத்தம்.

அந்த அந்தியில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகராமல் நின்றாள்.

டீச்சர் என் அலகுக்குள் கிசுகிசுத்தார். "இவ மூணு மாசமா எந்த போட்டோவுக்கும் நிக்கிறதில்ல அண்ணே. அடுத்த மாசம் கொன்வோ வருது. பட்டமளிப்பு கவுன், தொப்பி போட்டு எல்லா பிள்ளையும் படம் எடுக்கும். இவ வரலன்னா அவங்க அம்மா அழுதுருவாங்க. நீங்க பேசிப் பாருங்க."

மண்டியிட்டேன். "வாங்க பாப்பா! காக்காகூட ஒரு போட்டோ!"

கிட்டே வந்து அலகுக்குள் எட்டிப் பார்த்தாள். "கல்யாணத்துல பேசின அங்கிள்தானே நீங்க?"

"எந்தக் கல்யாணம்?"

"எங்க மாமா கல்யாணம். நான் பூத்தட்டு தூக்கிட்டு வந்தேன். 'லைட்ட போடுங்க லா, கவுன் மட்டும் தனியா நடந்து வருது'ன்னு மைக்ல சொன்னீங்க."

அவளை எனக்கு ஞாபகமில்லை. ஜோக் ஞாபகமிருந்தது. காப்பாரிலிருந்து டெங்கில் வரை எத்தனையோ மண்டபங்களில் சொன்னது. சின்ன வயதில் பிறர் சொல்வதற்கு முன் அதை என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளப் பழகினேன். பிறகுதான் அடுத்தவரைப் பற்றிச் சொன்னால் கைதட்டல் கூடுகிறது என்று தெரிந்தது.

"எல்லாரும் சிரிச்சாங்க," என்றாள். "நானும் சிரிச்சேன்."

தலைக்குள் ஒரு ஜோக்கும் இல்லை. பிள்ளைகள் முன்னால் கழற்றவே கூடாது என்ற விதியை மறந்து தலையைக் கழற்றினேன்.

"டீச்சர்! காக்கா மாமா செத்துட்டாரு!" என்று யாரோ அலறினார்கள்.

அவள் என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். "அங்கிளும் கருப்புதான்."

"ஆமா பாப்பா."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"கை தட்டுவாங்கன்னு. தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோ."

"அன்னிக்கு மைக்ல சொன்னீங்க. இதையும் மைக்ல சொல்லுங்க."

சொன்னேன். கழுத்துக்குக் கீழே காக்கா, மேலே வியர்த்து வழியும் மனிதன். பிள்ளைகளோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஓர் அப்பா மட்டும் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இவரு எப்பவும் இப்படித்தான் லா, செம ஜோக்கு!" நான் சம்பாதித்த பெயர், வேறென்ன.

"இப்ப போட்டோ எடுக்கலாமா?" என்று அவளிடம் கேட்டேன்.

"யோசிச்சு சொல்றேன்," என்று சொல்லிவிட்டு மீ கோரெங் சாப்பிடப் போய்விட்டாள்.

கொன்வோ அன்றும் மைக் என் கையில்தான். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையைக் கடக்க, ஆளுக்கொரு வரி சொன்னேன். "டாக்டர் வராரு, வழி விடுங்க!" மண்டபம் கலகலத்தது. அவள் முறை வந்தது. நீலக் கவுன், ஒரு கண்ணை மறைக்கும் தொப்பிக் குஞ்சம். மேடை ஓரத்திலேயே நின்று என்னைப் பார்த்தாள். என்னைத் தெரிந்த முகங்கள் முன்கூட்டியே சிரிக்கத் தயாராயின. பழைய வாக்கியமும் வழக்கமான இடத்தில் படுத்திருக்கும் நாய் போல நாக்கில் தலையைத் தூக்கியது. ஒரு கணம் மண்டபமே காக்காத் தலைக்குள் போய்விட்டது. அந்தி, கடல் சத்தம்.

அவள் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரோடு, முழுசாக. அதற்குப் பின் ஒன்றும் சொல்லவில்லை.

வேறெதுவும் வருகிறதா என்று இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை. நடந்து போய்த் தரையில் டேப் ஒட்டிய இடத்தில் நின்றாள், கேமராவைப் பார்த்துத் திரும்பினாள்.

"சிரிங்க பாப்பா," என்றார் போட்டோகிராபர்.

மாட்டேன் என்று தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை. ஃப்ளாஷ் மின்னியது.