களியக்காவிளை தாண்டினால் நெட்டு

குளச்சலில் ஹபீபா பீவியின் இடியாப்பம் போகாத தேநீர்க்கடை கிடையாது. கணவர் மௌத்தான பிறகு, மாவு பிசைந்த கையால்தான் ஒற்றை மகன் நஸீமை ஆளாக்கினாள். ஏசி மெக்கானிக் வேலைக்குச் சவூதியின் தமாமுக்குப் போன நாள் முதல், இரவானால் அவன் வீடியோவில் வந்துவிடுவான். அவள் முதலில் கேட்பது சாப்பாட்டுத் தட்டைத்தான்.

"என்ன தின்னுக? தட்டக் காணி, பாப்பம்."

"உம்மா, உங்களுக்கு எனக்க மொகம் வேணுமா, மீன் வேணுமா?" என்று சிரிப்பான்.

அவள் மீனைத்தான் பார்ப்பாள். முகம் எங்கே போய்விடப் போகிறது?

ஒரு காலையில் படுத்த படுக்கையிலேயே அவன் அடங்கிப் போனான். நெஞ்சடைப்பு. முப்பது வயதுகூட ஆகவில்லை. அறையில் கூட இருந்த சேக் முகம்மது போன் செய்து அழுதான். உடலை ஊருக்குக் கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை குளிர்ப்பெட்டியில் கிடக்க வேண்டும் என்றார்கள். பெற்ற வயிறு அதைத் தாங்குமா? அங்கேயே அடக்கிவிடச் சொன்னாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"குளிப்பாட்டி கஃபன் துணி உடுத்தின பொறவு எனக்கு வீடியோவுல மொகத்த காணிக்கணும் மக்கா. படம் புடிச்சு அனுப்பாண்டாம். எனக்க பிள்ள செத்துக் கெடக்க படம் போன் போனா அலையாண்டாம். நான் ஒரு தடவ பாத்தா போதும்."

"கட்டாயம் காணிக்கேன் மாமி" என்றான் சேக் முகம்மது. காகித வேலைகள் முடிந்து, புதன்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று முடிவானது.

அரசாங்கத்துக்கு நெட்டை நிறுத்தத் தோன்றியதும் அதே புதன்கிழமைதான். பக்கத்து மாவட்டத்தில் ஒரு போராட்டம் கலவரமாகிவிட்டது. வதந்தி பரவக் கூடாதென்று குமரிக்கும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். குளச்சலில் அன்று ஒரு கல்லும் பறக்கவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான்.

போனைத் தூக்கிக்கொண்டு அவள் செல்போன் கடை எபினிடம் ஓடினாள். அவன் கையை விரித்தான்.

"ஆருக்கும் கிட்டல்ல மாமி. களியக்காவிளை தாண்டணும். கேரளாவுல நெட்டு உண்டு."

செருப்பைக்கூடத் தேடாமல் முருகதாஸின் ஆட்டோவில் ஏறினாள். சாதாரண அழைப்பு மட்டும் போயிற்று. "கொஞ்சம் நிக்கச் சொல்லு மக்கா, நான் இப்போ வந்துருவேன்" என்று வழியெல்லாம் சேக் முகம்மதுவிடம் கெஞ்சிக்கொண்டே வந்தாள். மார்த்தாண்டத்தில் வண்டிகள் அசையவில்லை. முருகதாஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அங்கே தமாமில் அடக்கத்துக்கு வேறு மய்யித்துகளும் வரிசையில் காத்திருந்தன. கபறுஸ்தான் ஆட்கள் ஒருமுறை பொறுத்தார்கள். இன்னொருமுறையும் பொறுத்தார்கள்.

பாறசாலைக்குள் நுழைந்ததும் போனுக்கு உயிர் வந்தது. வீடியோவில் சேக் முகம்மது மண்ணைக் காட்டினான். புதிதாக மேடிட்ட மண், தலைமாட்டில் ஒரு கல்.

"அவங்க நிக்கல்ல மாமி" என்றான்.

ஹபீபா பீவி சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அத்தன ராத்திரியும் மீனப் பாத்தேனே" என்று சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். அது என்ன மீன் என்று முருகதாஸுக்கு விளங்கவில்லை, அவனும் அழுதான்.

சில நாள்களில் நெட்டு திரும்பியது. அதுவரை அரசாங்கத்தை வாய்க்கு வந்தபடி ஏசிய ஊர், குனிந்த தலை நிமிராமல் மறுபடி போனைத் தேய்க்கத் தொடங்கியது. ஹபீபா பீவி மட்டும் ஒரு மனுவோடு கையெழுத்துக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். அவள் கேட்டது புரட்சி ஒன்றுமில்லை. கலவரம் இல்லாத ஊரில் நெட்டை நிறுத்தக் கூடாது. நிறுத்தினாலும் சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரு வழி விட வேண்டும். அவ்வளவுதான்.

"இதுல ஒப்பு போட்டா போலீஸ்காரன் நம்மளத்தான் மொதல்ல நோட்டம் விடுவான்" என்றார் தெருப் பெரியவர் ஒருவர். கடைக்குத் தொந்தரவு வரும் என்றான் எபின். பயந்தவர்களை அவள் மன்னித்துவிட்டாள். பக்கத்து வீட்டு சஜிதாவின் கணவன் தோஹாவில் இருக்கிறான். அவளே, "நெட்டுதான் வந்தாச்சே மாமி, இனி என்னத்துக்கு?" என்று கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

தனியாகவே நாகர்கோவில் போய், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்தாள். மனுதாரர் பகுதியில் இணைய சேவை தற்போது சீராக உள்ளது என்று பதில் வந்தது. பதிலோடு மறுபடியும் போனாள்.

"அதான் நெட் வந்துட்டே, இன்னும் என்னம்மா குறை?" என்றார் அலுவலர். கெட்டவர் இல்லை, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"நெட்டு வந்துட்டு சாரே. எனக்க பிள்ளைக்க மொகத்த நான் இன்னும் பாக்கல்ல."

அவர் பதில் கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று மாலை அவள் திரும்பியபோது சஜிதா வாசலில் நின்று கணவனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். ஹபீபா பீவியைக் கண்டதும் போனை முந்தானைக்குள் மறைத்தாள்.

"மறைக்காண்டாம் மோளே. நெட்டு இருக்கும்போ அவனுக்க மொகத்த நல்லா பாத்துக்கோ. தட்டப் பாத்துட்டு இருக்காத."

சஜிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அடுத்த திங்கக்கிழம நானும் வாறேன் மாமி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பொய்யாகச் சொல்லவில்லை, சொல்லும்போது அவளுக்கு வரத்தான் மனசு இருந்தது.

திங்கட்கிழமை ஹபீபா பீவி இரண்டு பேருக்கும் இடியாப்பம் பொதிந்து எடுத்துக்கொண்டாள். தெருமுனையில் பஸ் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தபடி தெருவையே பார்த்தாள்.

"ஒரு ஆளு வரணும் மக்கா, இப்போ வந்துரும். கொஞ்சம் நிக்கணும்."

கண்டக்டர் ஒருமுறை பொறுத்தார். இன்னொருமுறையும் பொறுத்தார். சஜிதாவின் வீட்டுக் கதவு திறக்கவில்லை. அவர் விசிலை ஊதினார். ஹபீபா பீவி உள்ளே போய் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பொதியை வைத்தாள்.