கட்டிலுக்குப் பின்னால் சொன்ன சாட்சி

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் நான், என் வீட்டுக்காரர், மெட்ராசில் சட்டம் படித்துக்கொண்டிருந்த என் தம்பி, தொட்டிலில் ஆறு மாதப் பெண் குழந்தை. வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்தியது நான்தான். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்ததும் நான்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி அது. லீவுக்கு வந்த தம்பி ஆள் பாதியாக இளைத்திருந்தான். படிப்பெல்லாம் இங்கிலீஷ். எதையும் மனப்பாடம் பண்ணிவிடுவான், எழுந்து நின்று பேசச் சொன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். காலேஜிலேயே கோர்ட்டு மாதிரி நடத்திப் பரீட்சை வைப்பார்களாம். அதில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யப் போய் முதல் கேள்வியிலேயே திக்கி நின்றுவிட்டான். வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்திருக்கிறார்கள். இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள், அதிலும் தவறினால் வருஷம் வீண். எட்டாவதோடு நின்றுபோன எனக்கு அந்தப் பரீட்சை என்னவென்று முழுசாக விளங்கவில்லை. ஆனால் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவேன். விருதுநகரில் ஒரு பெரிய வக்கீல் தன்னுடைய புத்தகங்களைப் படிக்க அவனை விட்டிருந்தார். பகல் முழுக்க அங்கேதான் கிடப்பான்.

பேசிப் பழக ஒரு சாட்சி வேண்டும் என்றான். எங்கள் கேஸையே எடுத்துக்கொண்டால், தெரிந்த சங்கதி என்பதால் வாய் தானாக வரும் என்றான். அந்தத் தீபாவளி சீசனில், நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றிக்கொண்டு என் வீட்டுக்காரரின் வலது கை வெந்து மூன்று விரல் போயிருந்தது. நஷ்டஈடாக எண்ணூற்று நாற்பது ரூபாய் கேட்டு மனுப் போட்டிருந்தோம். அதை நம்பித்தான் எங்கள் பிழைப்பு நின்றது.

கயிற்றுக் கட்டிலை நிமிர்த்தி வைத்து, அதன் பின்னால் என்னை நிற்கவைத்தான்.

“வக்கீலய்யா, அவ பயந்தாங்கொள்ளி. பாத்துக் கேளுங்க” என்று வீட்டுக்காரர் கேலி பண்ணினார்.

தம்பி சிரிக்காமல், இருக்கன்குடி மாரியம்மன் மேல் ஆணையிடச் சொன்னான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். நானோ கையைக் கூப்பி, அம்மன் பேரைச் சொல்லி ஆணையிட்டுவிட்டேன். தொட்டிலில் பிள்ளை கிடக்கும்போது அதற்குமேல் எப்படிப் பொய் சொல்வது?

“குழாயில மருந்தை எதை வச்சு இறுக்கினாரு?”

கேட்டவர்களுக்கெல்லாம் மரக்குச்சி என்றுதான் சொல்லிவந்தோம். நான் இரும்புக் கம்பி என்றேன். இரும்பு பட்டால் பொறி பறக்கும் என்று கம்பெனியில் தடை உண்டு. மரக்குச்சி உடைந்துபோனது, ஆர்டர் அவசரம் என்று இவர் கம்பியை எடுத்தது, போர்மேன் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனது, இவர் என்னிடம் சொல்லியிருந்த அத்தனையும் சொன்னேன். தம்பி அடுத்தடுத்துக் கேட்டான். ஓரிடத்திலும் திக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டு வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போயிருந்தாலும், பாஸாகிவிடுவான் என்று அவரே சொன்னார். தடையை மீறியது தெரிந்தால் காசு கிடைக்காது, வெளியே மூச்சு விடக்கூடாது என்று எங்களை எச்சரித்ததும் அதே தம்பிதான்.

அவன் பாஸாகிவிட்டான். சித்திரையில் எங்கள் விசாரணை வந்தது. கம்பெனிக்காக எழுந்து நின்றவர் அந்த விருதுநகர் வக்கீல். மரக்குச்சி உடைந்த பிறகு இரும்புக் கம்பியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். போர்மேன் சொல்லியிருக்க மாட்டார், சொன்னால் அவர் வேலையும் போகும். மனு தள்ளுபடியானது. பஸ்ஸில் வரும்போது இடது கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு வந்தார்.

கோடை லீவுக்குத் தம்பி வந்ததும், வக்கீலிடம் சொன்னது நீதானா என்று கேட்டேன். அவன் மறுக்கவில்லை. வக்கீல் ஒருநாள் தன் முன்னால் பேசிக் காட்டச் சொன்னாராம். அவனுக்குத் திக்காமல் வருவது கட்டிலுக்குப் பின்னால் என்னைக் கேட்ட அந்த விசாரணை ஒன்றுதானாம்.

“ஏலே, அவரு கம்பெனி வக்கீல்னு ஒனக்குத் தெரியுமாலே?”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுமா சொன்ன?”

“பேரு எதையும் சொல்லலைக்கா. பாதியிலயே அவருக்கு விளங்கிருச்சு. நான் நிப்பாட்டிருக்கலாம். நல்லாப் பேசுறேன்னு சொன்னாரு. என்னைய அப்பிடி யாரும் சொன்னதில்ல.”

நான் கட்டிக் கொடுத்தனுப்பிய பருப்புப்பொடியெல்லாம் அவன் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. அவனுக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு வார்த்தை. அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் தினமும் சொல்லியிருப்பேனே.

அந்தப் பணத்தைத் தானே தருவதாகச் சொன்னான். படிப்பு முடிந்து அதே வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்த வருஷம் நூறு ரூபாய் கொண்டுவந்து கொடுத்தான். அதற்குப் பிறகு தீபாவளிக்குச் சேலை, பிள்ளைக்கு பிஸ்கட் டின். வந்தால் “மச்சான், நல்லாருக்கீகளா” என்று வாசலிலேயே கேட்பான். இவரும் தலையை ஆட்டுவார். சேலையையும் கணக்கில் கழித்துக்கொள் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னான்.

நான் கழிக்கவில்லை. எழுநூற்று நாற்பது ரூபாய் இன்னும் வர வேண்டியிருக்கிறது.