வாயில் வைக்காத மாஸ்டர்

கொதிக்கிற அண்டாவுக்குள் கோவிந்தசாமி கல்லுப்பைக் கை நிறைய அள்ளிப் போடுவார்; ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். சிதம்பரம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் அவருக்குப் பேரே அதனால்தான். “நூறு பேருக்கு இவ்ளோன்னு கைக்குத் தெரியும். நாக்கு எதுக்கு?” என்பார். இறக்குவதற்கு முன் உப்புக் காரம் பார்ப்பது கூடவே இருக்கும் ராமாமிர்தத்தின் வேலை.

அதே கை வீட்டில் ஆக்கியதைத் தின்று வளர்ந்தவள் அவருடைய மகள் இலக்கியா. அவளுக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்துபோனாள். அன்றிலிருந்து அப்பா சமையல். பருப்பு அடிப்பிடித்திருக்கும், ரசத்தில் பெருங்காயம் தொண்டையைப் பிடிக்கும், ஊசிப்போன குழம்பைச் சுடவைத்து மறுபடி ஊற்றுவார். தம்பி செந்தமிழ்செல்வனின் பிறந்தநாளுக்குச் சர்க்கரை என்று நினைத்து உப்பைக் கொட்டிப் பாயசம் காய்ச்சினார். “அப்பா எத ஆக்குனாலும் நல்லாருக்குன்னு சொல்லுங்க, பாவம் மனுசன்” என்று அத்தை சொல்லிவைத்திருந்ததால் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். அவரும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?” என்றார்.

பதினொரு வயதில் கீரப்பாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாம்பாருக்காகவே மூன்று தடவை சோறு வாங்கினாள். ஆக்கியது அப்பா. ஊராருக்கு ஒரு சமையல், பெற்ற பிள்ளைக்கு ஒரு சமையலா என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை அவள் இருபது வருஷம் விடவில்லை. மருந்துக்கடை வேலைக்குப் போய், கல்யாணமாகி, தனக்கென்று ஓர் அடுப்பு வந்த பிறகும் அப்பாவை அதன் பக்கம் அண்டவிட்டதில்லை.

போன ஆவணியில் ஒரு முகூர்த்த நாள் காலையில் அப்பாவிடமிருந்து போன் வந்தது. “ராமாமிர்தத்துக்கு முட்டி ஆபரேசன். ஒரு எட்டு மண்டபத்துக்கு வந்துட்டுப் போ பாப்பா.” போனாள். கையாட்களை வெளியே அனுப்பிவிட்டு, கரண்டியிலிருந்து சாம்பாரை அவள் உள்ளங்கையில் விட்டார்.

“உப்பு பாரு.”

“ஏன், நீங்களே பாக்குறது?”

“எனக்குத் தெரியாது. உங்கம்மா செத்த வருசம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதோட நாக்கும் போச்சி, மூக்கும் போச்சி. வெளிய தெரிஞ்சா எவன் கூப்புடுவான்? ராமாமிர்தத்துக்கு மட்டுந்தான் தெரியும்.”

இலக்கியா கணக்குப் போட்டாள். இருபத்திரண்டு வருஷம். அந்தப் பாயசம் மனுஷனுக்கு வெறும் வெந்நீராகத்தான் இறங்கியிருக்கிறது. சாம்பாரை நக்கிப் பார்த்தாள்.

“உப்பு பத்தலப்பா.”

பிறந்ததிலிருந்து அவர் சமையலை அவள் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் உப்பைத் தொடவில்லை.

“அப்ப வீட்ல ஆக்குனதெல்லாம்? ரெண்டு பேரும் நல்லாருக்குன்னுதான சொல்லுவீங்க?”

அத்தை சொல்லிக்கொடுத்த பதில் வாய்வரை வந்தது. ஐந்நூறு இலைக்கு இன்றைக்கு அவள் நாக்கைத்தான் நம்பி நிற்கிறார். இப்போது பொய் சொன்னால் அடுத்துச் சொல்லும் எதையும் அவர் நம்ப முடியாது.

“வாயில வெக்க முடியாதுப்பா. ஒரு நாளும்.”

கோவிந்தசாமி அரைக் கை உப்பை அண்டாவில் போட்டுக் கிளறினார். பிறகு மறுபடியும் ஒரு கரண்டி எடுத்து, ஊதி ஊதி ஆறவைத்து, மகளின் கையைப் பிடித்து அதில் விட்டார்.