பிரேக் மாமா அடுக்கிய கட்டு

அக்காவின் கணவருக்கு வேலை இடத்தில் பிரேக் என்றுதான் பெயர். லிஃப்ட் மெக்கானிக். புகார் கதவைப் பற்றியதாக இருக்கட்டும், பட்டனைப் பற்றியதாக இருக்கட்டும், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஏறி பிரேக்கைத்தான் பார்ப்பார். "லைட்டு எரியலன்னு கூப்ட்டா, இவரு பிரேக்கக் கழட்டி மடியில வச்சிட்டு உக்காந்திருக்காரு" என்று கூட வேலை செய்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். மாமா கோபப்பட்டதில்லை. "லைட்டு இல்லாம மேல போயிடலாம்" என்பார். மீதியைச் சொல்ல மாட்டார்.

எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்தபோது அவர்கள் வீட்டு முன்னறையில்தான் வந்து ஒண்டிக்கொண்டேன். மாமா பைக் ஓட்டினால் சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப்போவார்கள். அக்கா நேரெதிர். அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் இருந்தவள். கத்தி இறங்குகிற வேகம் அவள் பேச்சிலும் இருக்கும். நான் கவிதைப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தால், "கவிஞரே, பக்கத்துல பாதி வெள்ளையாவே விட்டிருக்கானே, அதையும் சேத்துத்தான் காசு குடுத்து வாங்குனியா?" என்பாள்.

நாங்கள் மூன்று பேரும் ஆடிய சூப்பர் ஹீரோ சீட்டாட்டப் பெட்டியை ஒரு பழைய சாமான் கடையில் அவள்தான் எடுத்தாள். ஆட்டத்துக்காக அல்ல. அட்டைகளின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வெட்டியிருக்கறதப் பாருங்க, மயிரிழை பிசகல" என்றாள். வாங்கிய பிறகுதான் அதை எப்படி ஆடுவது என்று படித்தோம்.

ஒருவரை ஒருவர் தோற்கடிக்கிற ஆட்டம் இல்லை அது. எல்லாரும் ஒரே கட்சி. ஆளுக்கொரு ஹீரோ, எதிரே ஒரு வில்லன். வில்லனை ஆட ஆள் வேண்டாம். அவனுடைய சீட்டுக்கட்டிலிருந்து சுற்றுக்கு ஓர் அட்டை புரளும், அதில் இருக்கிறபடி அடிப்பான். அது போக, அவனுடைய சதிப் புள்ளி ஒவ்வொரு சுற்றும் தானாக ஏறிக்கொண்டே போகும். நிரம்பிவிட்டால் எல்லாரும் காலி. ஆட்டத்துக்கு முன்னால் பெட்டியிலிருந்து பொறுக்கி அவரவர் கட்டை அவரவர் அடுக்கிக்கொள்ள வேண்டும். அங்கேதான் குணம் தெரியும்.

அக்காவின் கட்டு முழுக்க நெருப்பு. முதல் சுற்றிலேயே அடிக்க ஆரம்பித்துவிடுவாள். மாமா கட்டில் அடிக்கிற அட்டையே இருக்காது. வில்லனை ஒரு சுற்று அடிக்கவிடாத 'விலங்கு', அடுத்தவருக்கு விழ வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்கிற 'குறுக்கே நில்', ஏறிய சதியை இறக்குகிற அட்டைகள். கிரீஸ் போகக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரலை முகர்ந்து பார்த்த பிறகுதான் அவற்றைத் தொடுவார். நான் நடுவில் ஏதோ செய்வேன். "கவிஞர் கட்டுல என்ன இருக்குன்னு கவிஞருக்கே தெரியாது" என்பாள் அக்கா.

பெட்டியில் இருந்த வில்லன்கள் எல்லாரையும் சாய்த்துவிட்டோம், கடைசி ஆளைத் தவிர. தங்கக் கோட்டு போட்டு, சிரிக்காமல் நிற்பவன். அடிப்பது குறைவு, வாடகை மாதிரி சுற்றுக்குச் சுற்று சதியை ஏற்றுவதே வேலை என்பதால் அக்கா அவனுக்கு வீட்டு ஓனர் என்று பெயர் வைத்திருந்தாள்.

பிறகு அக்காவின் நுரையீரல் கெட்டது. கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வந்து இரைய ஆரம்பித்தது. மருந்து கேட்கவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அன்று, திரும்பி வருவது சந்தேகம் என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. அக்கா மட்டும் வாயைத் திறந்தாள். "போறதுக்குள்ள அந்த ஓனர ஒரு தடவயாவது சாய்க்கணும். அவ்ளோதான் என் ஆசை. பெரிய ஆசையா கேட்டா நீங்க ரெண்டு பேரும் தாங்க மாட்டீங்க."

அன்று மாலை மாமா எல்லா அட்டைகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். ஒன்றை எடுப்பார், இரண்டை வைப்பார், மறுபடி எடுத்த இடத்திலேயே வைப்பார். அக்கா களைத்துப்போயிருந்ததால் அவள் மேல் ஓர் அடியும் விழக் கூடாது என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டிலிலேயே தலையணை மேல் பலகை வைத்து ஆடினோம். ஓனரால் அடிக்க முடியவில்லை. ஒவ்வொரு சுற்றும் மாமா ஒரு விலங்கு மாட்டினார். சதி ஏறினால் அடுத்த நொடி இறங்கியது. இவ்வளவு பத்திரமாக நாங்கள் ஆடியதே இல்லை. ஆனால் அக்காவின் அடிகளும் போதவில்லை. மூச்சுக்கு நடுவே ஒன்றிரண்டு போடுவாள், ஓனர் விலங்கோடேயே உடம்பைத் தேற்றிக்கொள்வான். சுற்றுகள் போய்க்கொண்டே இருந்தன.

"அந்தக் 'கை கொடு' எங்க?" என்றாள் அக்கா.

தன் முறையை விட்டுக்கொடுத்து இன்னொருவரைக் கூடுதலாக ஒருமுறை அடிக்கவைக்கும் அட்டை அது. மாமாவின் சீட்டுக்கட்டில் எப்போதும் இருக்கும்.

"எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"எடமில்ல. அதுக்குப் பதிலா ஒரு விலங்கு வச்சேன்."

அக்கா கையிலிருந்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்தாள். "அந்த லிஃப்ட்டுக்காரம்மா கதைய இவனுக்குச் சொல்லுங்க."

மாமா விலங்கு அட்டையை நேராக்கி வைத்தார். அக்காவே சொன்னாள், விட்டு விட்டு. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் மாமா கதவிடுக்கில் வாய் வைத்து, "விழாதுங்க, பிரேக் புடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். ஒருமுறை உள்ளேயிருந்து ஒரு அம்மாள் கத்தியிருக்கிறார்: விழாதுன்னு தெரியும்யா, எப்ப கதவத் தொறப்பன்னு சொல்லு.

சொல்லி முடித்து மூச்சு வாங்கினாள். "நீங்க ஓனர ஜெயிக்கிறதுக்கு அடுக்கல. ஆட்டம் முடியக் கூடாதுன்னு அடுக்கியிருக்கீங்க."

"நீ கொஞ்சம் படு" என்றார் மாமா.

"படுக்கத்தான போறேன். அதுக்கு முன்னாடி தொறந்து விடுங்கன்னு கேக்குறேன்."

மாமா எழுந்து போய் சமையலறைக் குழாயில் கை கழுவினார். கையில் அழுக்கு எதுவும் இல்லை. தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்வையாளர் நேரத்தில் மாமா கட்டுகளைக் கொண்டுவந்தார், சக்கரம் வைத்த சாப்பாட்டு மேசையைக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்துப் பரப்பினார். நர்ஸ் நின்று பார்த்தார். "வார்டுல சீட்டாட்டமா?"

அக்கா மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தினாள். "காசு வச்சு ஆடல சிஸ்டர். ஊரக் காப்பாத்துறோம்."

இந்த முறை விலங்குகள் குறைவு. ஓனர் அடித்தான். மாமாவின் ஹீரோ குறுக்கே நின்று வாங்கினார், என் ஹீரோ படுத்தேவிட்டான். சதி இன்னும் ஒரே ஒரு சுற்றுதான் தாங்கும். அக்கா கையில் ஒரே ஒரு நெருப்பு இருந்தது. அவள் அதைப் போட்டாள், ஓனர் சாகவில்லை. அடுத்ததாக அவள் உருவிய அட்டையும் நெருப்புதான். ஆனால் அவள் முறை முடிந்திருந்தது.

மாமா கையில் 'கை கொடு' இருந்தது. பக்கத்திலேயே ஒரு விலங்கும் இருந்தது. விலங்கைப் போட்டால் இன்னொரு சுற்று கிடைக்கும். அவர் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா அவசரப்படுத்தவில்லை. வாழ்க்கையிலேயே அவள் அவரை அவசரப்படுத்தாத ஒரு தடவை அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் 'கை கொடு'வை வைத்தார். அக்கா ஒரு விரலால் தன் அட்டையை மேசை மேல் தள்ளினாள்.

"கடைசியில ஓனரையே காலி பண்ண வச்சிட்டோம்" என்றாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. மாமா அட்டைகளைச் சேர்த்துக்கொண்டே, "இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்றார்.

"போதும்ங்க" என்றாள் அக்கா, கண்ணை மூடிக்கொண்டு.

அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

மாமா வேலைக்குப் போனார், வந்தார். ஆக்சிஜன் மெஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன பிறகு வீட்டில் யார் பேசினாலும் சத்தம் அதிகமாகக் கேட்டது. ஒரு ஞாயிறு மதியம் அவரே பெட்டியை எடுத்து வந்தார்.

"ஆடுவமா மாப்ள?"

"சரி மாமா."

"ரெண்டு பேரும் புடிச்சிட்டே இருந்தா ஆகாது. நீ புடி. நான் அடிக்கிறேன்."

தன் கட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அக்காவின் கட்டை எடுத்துக்கொண்டார். கலைத்து அடுக்கும்போது அவர் கட்டைவிரல் அட்டைகளின் ஓரத்தில் ஒருமுறை ஓடியது. ஓனரை நடுவில் நிறுத்தினோம். நான் தெரிந்தவரை விலங்கு மாட்டினேன். அவர் முறை வந்தது. நல்ல நெருப்பு அட்டை ஒன்றை உருவி, மேசைக்கு மேலே பிடித்தபடி நிறுத்தினார்.

"இத இப்பவே போடணுமா?"

"போடலாம் மாமா."

கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மறுபடி கையிலேயே செருகிக்கொண்டார்.

"அடுத்த சுத்துல பாத்துக்கலாம்" என்றார்.

நான் ஓனரின் அட்டையைப் புரட்டினேன். சதியை ஏற்றினேன்.