தகட்டின் மறுபக்கம்

கேட்டுவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை. இது எங்கள் அண்ணிக்கு நடந்தது. அண்ணி கதை கட்டுகிற ஆள் இல்லை. எதையும் அளந்து பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார். அவருடைய உத்தியோகமே அதுதான்.

உலோகத் தகட்டை இரண்டு நூலில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். அதில் ஒட்டிய சென்சார் அதிர்வைக் கணினியில் கோடாகக் காட்டும். எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்பதை வைத்து விறைப்பைக் கணக்கிடுவார். எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதை வைத்து, தகடு அதிர்வை எவ்வளவு விழுங்குகிறது என்று சொல்வார்.

அன்று வந்தது ஒரு முழ நீள எஃகுத் தகடு. அதில் எண் மட்டும் ஒட்டியிருந்தது. ஆய்வறையில் அண்ணியைத் தவிர யாருமில்லை.

மதியம் 3:10. முதல் தட்டு. ‘ணங்ங்ங்...’ நான்கு விநாடி ஒலித்து அடங்கியது.

இரண்டாவது தட்டு. ‘ணங்.’ அவ்வளவுதான். யாரோ உள்ளங்கையை வைத்து அமுக்கியதுபோல் சட்டென்று நின்றது.

நூலைப் பார்த்தார். சென்சாரைப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. தகட்டைத் தொட்டார். விரல் விறைத்துப்போனது. அவ்வளவு குளிர்.

3:17. சுத்தியலை மேசைமேல் வைத்தார்.

ணங். ணங். ணங்.

திரையில் கோடு துள்ளியது. சுத்தியல் மேசையில்தான் கிடந்தது...

“யாரு?”

நின்றது.

பிறகு மறுபடி... ணங்.

பதறிப்போய்த் தகட்டை உள்ளங்கையால் பிடித்தார்.

மறுபக்கத்திலிருந்து யாரோ தள்ளினார்கள்.

எட்டிப் பார்த்தார்.

வெறும் சுவர்.

எப்படி வெளியே ஓடி வந்தார் என்று அவருக்கே தெரியாது. வராந்தாவில் மேலதிகாரி நின்றிருந்தார்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

“சார்... அந்தத் தகடு எங்கேருந்து வந்தது?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “குளிர்பதனக் கிடங்கோட கதவுலேருந்து வெட்டினது. ஒரு தொழிலாளி உள்ளே மாட்டிக்கிட்டு இறந்துட்டாரு. கதவு சத்தத்த விழுங்கிடும், தட்டினது வெளியே கேட்டிருக்காதுன்னு கிடங்கு முதலாளி சாதிக்கிறாரு.”

மறுநாள் காலை அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அண்ணி பத்து முறை தட்டினார். பத்து முறையும் நான்கு விநாடி ஒலித்தது. ‘தட்டினால் வெளியே நன்றாகக் கேட்கும்’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் இருவரும் முந்தின நாள் பதிவைத் திறந்தார்கள். கணினியை யாரும் நிறுத்தியிருக்கவில்லை.

தட்டல் 5:52 வரைக்கும் இருந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெல்ல... மெல்ல...

அதற்குப் பிறகு, கடைசிப் பதினோரு நிமிடம் தட்டல் இல்லை.

பிறாண்டல்.