கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வால்வு

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். நான் டவுன் தண்ணீர் இலாகாவில் பைப் ஃபிட்டர். வீடு காஜா பெராங்கில். வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய்தான் எங்கள் டவுனுக்கு எல்லை. அந்தப் பக்கம் வேறொரு ஊர் போர்டின் நிர்வாகம். அவர்களுக்குத் தீயணைப்பு வண்டி கிடையாது. அங்கே தீப்பிடித்தால் எங்கள் வண்டியும் தண்ணீரும் போக வேண்டும் என்று இரண்டு ஆபீசும் ஒப்பந்தம் போட்டன. கால்வாய்க்குக் குறுக்கே ஒரு பைப் போய், அக்கரையில் அவர்களுடைய வால்வில் முடிந்தது.

ஒரு மத்தியானம் அங்கே அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள் பற்றிக்கொண்டன. வரிசையில் மூன்றாவது வீட்டில்தான் என் மகள் சரோஜா தையல் படித்துக்கொண்டிருந்தாள்.

வால்வுச் சாவியோடு அக்கரை வால்வுக்கு ஓடினேன். வழக்கம்போல இடப்பக்கம் திருகினேன். அசையவில்லை. தீயணைப்பு வண்டியிலிருந்து இழுத்து மாட்டிய ஹோஸ் தட்டையாகக் கிடந்தது.

“தண்ணி எங்கய்யா? லெட்டர் போட்டாத்தான் வருமா?” என்று வண்டிக்காரர் கத்தினார்.

“ஜாம் ஆயிருச்சி லா!”

சாவியில் இரும்புக் குழாயைச் செருகி முழு பலத்தையும் போட்டேன். அப்போது அந்தப் போர்டின் மலாய்க்கார ஃபிட்டர் மாட் நூர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

“ஜாங்கான், அண்ணே, வேணாம்! ஒடைஞ்சிரும்! இது எங்க வால்வு. வலது, வலது!”

நான்கு கைகளும் சேர்ந்து வலப்பக்கம் திருகின. ஹோஸ் புடைத்தது. தீ இரண்டாவது வீட்டோடு நின்றது.

புகைக்குள்ளிருந்து சரோஜா பாதி தைத்த ரவிக்கையோடு வந்தாள். “அப்பா, கத்தரிக்கோல உள்ளயே விட்டுட்டேன்” என்றாள்.

மறுநாள் இன்ஜினியர் கூப்பிட்டார். “இத்தன வருஷ சர்வீசு, வலது இடது தெரியாதா மேன்?”

“தப்பு என்னுதுதான் சார். ஆனா நம்ம வால்வெல்லாம் இடதுல தொறக்கும், அவங்களது வலதுல. கையெழுத்துப் போட்டப்ப யாரும் இதைக் கேட்கல. நானும் போய்த் தொட்டுப் பாக்கல.”

அவர் உடனே அந்தப் போர்டுக்குப் போன் போட்டார். அந்த வாரம் முழுவதும் மாட் நூரும் நானும் ஒரே பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். இரண்டு பக்கத்து வால்வு மூடிகளிலும் திறக்கும் பக்கத்துக்குச் சிவப்பு அம்பு போட்டோம். அடுத்த முறை அங்கே தீப்பிடித்தபோது தண்ணீர் உடனே வந்தது. என் சர்வீசில் நான் பெருமையாகச் சொல்லும் வேலை அதுதான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த ஆபீசோடு சேர்ந்து வேலை செய்யும் முன், அவர்கள் ஆளோடு போய் அவர்கள் வால்வை ஒரு தடவை திருகிப் பாருங்கள்.

சரோஜா வீட்டுக்கு வரத் தாமதமானால் இன்றும் கால்வாயைத் தாண்டிப் போய், அந்த மூடியில் அம்பு அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.