பூசணிக்காய்க்குப் போன கயிறு

போன தை மாதம் என் மகன் சிவகுமார் பண்டாரவளையில் மாடிக் கட்டடம் ஒன்றின் படியிலிருந்து விழுந்தான். மேசன் வேலையை அவனாக விரும்பிக் கற்றவன். நானோ, வேலைத்தளங்களில் ஆட்கள் விழாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஊவா மாகாணம் முழுக்கச் சட்டம் சொல்லித் திரிந்து ஓய்வு பெற்றவன். படிக்குக் கைப்பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

அந்தப் படிக்குக் கைப்பிடி இல்லை, கயிறு கட்டியிருந்தார்கள். மேல்மாடிக்கு வாசல் நிலை வைத்த நாளில் அதுவும் இல்லை. சாந்துச் சட்டியோடு ஏறியவன், பழக்கத்தில் கையை நீட்டியிருக்கிறான்.

பதுளை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். தலையிலும் முதுகெலும்பிலும் அடி. "பார்க்கலாம்" என்றார் டாக்டர். அந்தச் சொல்லை நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

வேலையை நடத்திய பாஸ் வந்து நின்று அழுதார். "கண்ணு படக் கூடாதுன்னு வாசல்ல பூசணிக்கா கட்டுனோங்க ஐயா. வேற கயிறு இல்ல. படியில இருந்தத அவுத்துட்டேன்."

அவரை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

தாழ்வாரத்தில் உட்கார்ந்து கதிர்காமத்தானிடம் பேசத் தொடங்கினேன். மகனின் நற்குணம், என் சேவைக்காலம், தவறாமல் போன திருவிழாக்கள் என்று காரணங்களை அடுக்கினேன். முணுமுணுப்பு என் மனைவிக்குக் கேட்டுவிட்டது.

"பென்சனுக்கா மனு போடுறீங்க? புள்ளைய கேளுங்க."

அப்போதுதான் அழுதேன். முருகா, ஒரு தடவை அவன் அப்பா என்று கூப்பிட்டால் போதும். அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கண் திறந்தான். "அப்பா" என்றான். பிறகு, "என் காலு எங்கப்பா?"

கால்கள் போர்வைக்குள்தான் இருந்தன. நான் அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இனி அவை நடக்காதாம்.

இப்போது எங்கே மாடி எழும்பினாலும் கயிற்றுச் சுருளோடு போய் நிற்கிறேன். பைத்தியம் என்கிறார்கள். உத்தியோகத்தில் இருந்தபோது இதைவிட மோசமாகச் சொன்னார்கள். பாஸும் கூட வருகிறார். முடிச்சுப் போடுவது அவர்தான்.

அன்பர்களே, துயரத்தில் இருப்பவர்கள் முருகனிடம் போங்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், அவனுக்குக் கேட்கும். பூசணிக்காயும் கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. முதலில் படிக்குக் கட்டுங்கள்.

ஒரு தடவைதான் கேட்டேன். இப்போது விடிந்தால் உள்ளறையிலிருந்து "அப்பா" என்று கூப்பிடுகிறான், தூக்கி உட்காரவைக்கச் சொல்லி. கைகூப்பிவிட்டுத்தான் எழுந்து போகிறேன்.